பள்ளத்து லயத்துக்கு மேட்டு சிக்னல்: இரண்டு 4ஜி சிம்மையும் உள்ளூர் வைஃபையையும் இணைப்பது எப்படி?

பணியக்கணக்கு | #1

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பணியக் கணக்கு (கணக்குப்பிள்ளை) நான். ஆற்றுப் பள்ளத்தில் இரண்டு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), மொத்தம் 24 வீடு. பக்கத்திலேயே வாசகசாலையும் பிள்ளைக்காம்பராவும் (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்). லயத்து வாசலில் எந்த சிம்முக்கும் சிக்னல் இல்லை. கோயில் மேட்டில் இரண்டு நிறுவனங்களின் 4ஜியும் கிடைக்கிறது. மேட்டிலிருந்து வாசகசாலைக் கூரை கண்ணுக்குத் தெரியும், நேர்கோட்டில் 1.5 கிலோமீற்றர், உயர வித்தியாசம் 180 மீற்றர் அளவில். மேட்டில் கோயில் கரண்ட் இருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் அடிக்கடி போகும்.

மேட்டில் இரண்டு சிம்மைப் போட்டு, 5 கிகாஹேர்ட்ஸில் கீழே இறக்கி, லயத்தில் வைஃபையாகக் கொடுக்க எண்ணம். இரண்டு சிம்மின் வேகத்தையும் ஒன்றாகக் கூட்ட முடியுமா? என்னென்ன வாங்க வேண்டும்?

முகட்டுக்கம்பம் | #2

வாங்குவதற்கு முன்னால் அளவு எடுங்கள் தம்பி. ஃபோனில் தெரியும் கோடுகளை விடுங்கள். 4ஜி ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் இரண்டு எண் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் சத்தம் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது: -80 நல்லது, -110க்குக் கீழே போனால் கஷ்டம். எஸ்ஐஎன்ஆர் என்பது அந்தச் சத்தம் மற்ற இரைச்சலைவிட எவ்வளவு தெளிவு என்பது: 13க்கு மேல் நல்லது, 0க்குக் கீழே வந்தால் வேகமே இருக்காது. இரண்டு சிம்முக்கும் பகலில் ஒருமுறை, இரவு 8 மணிக்கு ஒருமுறை எடுத்துப் போடுங்கள். எந்த பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) நிற்கிறது என்பதையும் குறியுங்கள்.

பணியக்கணக்கு | #3

கோயில் மணிக்கூண்டு உயரத்தில் எடுத்தது.
முதல் சிம்: ஆர்எஸ்ஆர்பி -84, எஸ்ஐஎன்ஆர் 1 முதல் 3, பேண்ட் 3. அடிக்கடி வேறு செல்லுக்கு (டவருக்கு) தாவுகிறது.
இரண்டாவது சிம்: ஆர்எஸ்ஆர்பி -97, எஸ்ஐஎன்ஆர் 9, பேண்ட் 8. தாவவில்லை.
வேகத்தில் முதல் சிம்தான் மோசம். சிக்னல் கூடுதலாக இருந்தும் ஏன் என்று புரியவில்லை.

முகட்டுக்கம்பம் | #4

மலைநாட்டில் நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான். உச்சி உங்களுக்கு ஒரு டவரை மட்டும் காட்டாது, சுற்றியிருக்கும் எல்லாப் பள்ளத்தாக்கின் டவரையும் காட்டும். அவை பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் வேலை செய்வதால் ஒன்றின் சத்தம் மற்றதற்கு இரைச்சல். அதனால்தான் -84 இருந்தும் எஸ்ஐஎன்ஆர் 2. ரவுட்டரும் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தாவுகிறது. -101 இருந்து எஸ்ஐஎன்ஆர் 14 இருக்கும் இடம் இதைவிட எவ்வளவோ மேல்.

செய்ய வேண்டியது: உச்சியை விட்டு இறங்குங்கள். வேண்டிய டவர் இருக்கும் பக்கத்துச் சரிவில் 10 அல்லது 15 மீற்றர் கீழே வந்தால், மலையின் உடம்பே பின்பக்கத்து டவர்களை மறைத்துவிடும். காசு கொடுத்து வாங்க முடியாத வடிகட்டி அது. பிறகு திசை அன்டெனாவை மெதுவாகத் திருப்பி, எஸ்ஐஎன்ஆர் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே இறுக்குங்கள். ஆர்எஸ்ஆர்பி இரண்டு மூன்று டெசிபல் குறைந்தாலும் கவலையில்லை.

இன்னொன்று. 4ஜி ரவுட்டரின் அனுப்பும் வலுவுக்கு 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவொட் என்று உச்சம் உண்டு. டவர் உங்களோடு பெரிய குரலில் பேசும், நீங்கள் திருப்பிப் பேசுவது அதற்குக் கேட்காது. முதலில் அப்லோட்தான் சாகும். வட்ஸ்அப் வீடியோ கோலில் லயத்து ஆட்களின் முகம் மறுமுனையில் உறைந்து நின்றால் அப்லோடைப் பாருங்கள்.

பேண்டைப் பூட்டலாம். செல்லைப் பூட்டாதீர்கள், அந்த டவருக்குக் கரண்ட் போன இரவில் மொத்தமும் நிற்கும்.

ஊவாக்காற்று | #5

முகட்டுக்கம்பம் அண்ணே சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. ரவுட்டரைக் கோயில் மடப்பள்ளியில் வைத்து, அங்கிருந்து மெல்லிய கோஆக்ஸ் (அன்டெனா) கேபிளைக் கம்பம்வரை இழுக்காதீர்கள். 1800 மெகாஹேர்ட்ஸில் மெல்லிய கேபிள் 10 மீற்றருக்கு 5 டெசிபலுக்கு மேல் தின்னும். தடித்த 400 வகைக் கேபிள்கூட 2 டெசிபல் எடுக்கும். 9 டெசிபல் அன்டெனாவுக்குக் காசு கொடுத்து அதில் பாதியைக் கேபிளுக்குத் தானம் செய்த கதையாகும்.

வெளிப்புற வகை, அதாவது அன்டெனாவுக்குள்ளேயே மோடம் இருக்கும் பெட்டியை வாங்கிக் கம்பத்தில் மாட்டுங்கள். கீழே வருவது ஈதர்நெட் கேபிள் மட்டும். சிம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு மீற்றராவது இடைவெளி விடுங்கள்.

வாங்கும்போது அந்தப் பெட்டி பேண்ட் 3 (1800), பேண்ட் 8 (900), பேண்ட் 1 (2100) மூன்றையும் எடுக்குமா என்று பாருங்கள். வீட்டு ப்ரோட்பேண்ட் சிம் என்றால் பேண்ட் 40 (2300) தேவைப்படலாம். வேறு நாட்டுச் சந்தைக்கான மலிவுப் பெட்டிகளில் பேண்ட் 8 அல்லது 40 இல்லாமல் இருக்கும். கடைக்காரர் “4ஜி வேலை செய்யும்” என்பார், அதுவும் பொய்யில்லை.

முகட்டுக்கம்பம் | #6

இனி மேட்டிலிருந்து வாசகசாலைக்கு.

1.5 கிலோமீற்றருக்கு 5.8 கிகாஹேர்ட்ஸில் வெற்றுவெளி இழப்பு 111 டெசிபல். இரு பக்கமும் 16 டெசிபல் பேனல் (தட்டை) அன்டெனா, அனுப்பும் வலு 20 டிபிஎம் என்றால் 20 + 16 + 16 − 111 = -59 வர வேண்டும். -62 வந்தால் சரி. -72 வந்தால் அன்டெனா பக்கக் கதிரில் நிற்கிறது. இருபக்கமும் அகலமாகத் திருப்பிப் பாருங்கள், உண்மையான உச்சம் வேறு இடத்தில் இருக்கும். 1.5 கிலோமீற்றரில் 180 மீற்றர் இறக்கம் என்பது ஏறக்குறைய 7 பாகைச் சாய்வு. மேலே உள்ளதைக் கீழ்நோக்கியும் கீழே உள்ளதை மேல்நோக்கியும் அந்த அளவு சாய்க்க வேண்டும். பேனல் கொஞ்சம் பிசகினாலும் பொறுக்கும், பெரிய டிஷ் பொறுக்காது. இந்தத் தூரத்துக்கு டிஷ் தேவையுமில்லை.

கூரை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில் கதிரைச் சுற்றி 4.4 மீற்றர் ஆரத்தில் ஒரு வெளி வேண்டும், அதில் 60 வீதமாவது, அதாவது 2.6 மீற்றர், தடையில்லாமல் இருக்க வேண்டும். தேயிலைச் செடியால் தொல்லையில்லை. நிழலுக்கு நட்ட கிரவீலியாவும் எல்லையோர யூக்கலிப்டஸும்தான் வில்லன். மழையோ மூடுபனியோ 5 கிகாஹேர்ட்ஸை இந்தத் தூரத்தில் ஒன்றும் செய்யாது. நனைந்த இலை செய்யும். “மழை வந்தால் நெட் போகிறது” என்ற முறைப்பாட்டில் நடுவில் ஒரு மரக்கிளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்த இரண்டு வருடத்துக்கு அந்த மரம் வளரப்போவதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சனல் அகலம் 20 மெகாஹேர்ட்ஸ் போதும். இரண்டு சிம்மும் சேர்ந்து 50 மெகாபிட் தந்தாலே பெரிய விஷயம். 20 மெகாஹேர்ட்ஸ் இணைப்பு அதைத் தாராளமாகச் சுமக்கும். அகலத்தைக் கூட்டினால் இரைச்சலும் கூடும். இரு முனைக்கும் ஒரே கம்பனிப் பொருள் வாங்குங்கள், ஒவ்வொரு கம்பனியின் நேரப்பங்கீட்டு முறையும் தன் சாதிப் பொருளோடுதான் பேசும்.

பதுளைப்பொட்டலம் | #7

வேகம் கூட்டுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. இரண்டு சிம்மையும் உண்மையாகவே ஒன்றாக்கலாம். ஓப்பன்எம்பிடிசிபிரவுட்டர் (பல இணைப்பை ஒன்றாக்கும் ரவுட்டர் மென்பொருள்) போட்டு, சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஒரு சிறு விபிஎஸ் (வாடகை சேர்வர்) எடுத்தால், ஒரே டவுன்லோட் இரண்டு சிம்மிலும் பிரிந்து வந்து அங்கே ஒன்றுசேரும். ஒரு சிம் விழுந்தாலும் ஓடும் கோல் அறாது.

வலைப்பின்னி | #8

முடியும், ஆனால் இந்த லயத்துக்கு வேண்டாம் என்பேன். மூன்று காரணம்.

ஒன்று, இரண்டு சிம்மின் தாமதம் வித்தியாசப்பட்டால் (ஒன்று 40 மில்லிசெக்கன், மற்றது 180) பின்னால் வரும் தரவுப் பொட்டலத்துக்காக முன்னால் வந்தது காத்திருக்கும். மாலை நெரிசலில் சேர்ந்த வேகம், நல்ல சிம் தனியாக ஓடும் வேகத்தைவிடக் குறையக்கூடும். இரண்டு, எல்லாப் போக்குவரத்தும் வெளிநாட்டு முகவரியில் வெளியே போகும். சில வங்கிச் செயலிகள் முரண்டு பிடிக்கும். மூன்று, விபிஎஸ் காசு மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும். ஒரு மாதம் கார்ட் மறுத்தால் 24 வீடும் இருட்டு.

24 வீட்டில் ஒரே நேரத்தில் பதினைந்து பேர் பாவிக்கும்போது ஒரே டவுன்லோடைப் பிளக்கத் தேவையில்லை. ஆட்களைப் பிரித்தால் போதும். ஒரு வீட்டின் ஃபோன் முழுவதும் சிம் ஒன்றில், அடுத்த வீட்டுடையது சிம் இரண்டில். இப்படிப் பிரிக்கும் வசதி, ரவுட்டரின் மென்பொருள் ரவுட்டர்ஓஎஸ் என்றால் பிசிசி, ஓப்பன்டபிள்யூஆர்டி என்றால் எம்வான்3. பிசிசியில் “சோர்ஸ் அட்ரஸ்” (அனுப்பும் ஃபோனின் முகவரி) மட்டும் வைத்துப் பிரியுங்கள். போர்ட்டையும் சேர்த்துப் பிரித்தால் ஒரே ஃபோனின் இரண்டு இணைப்பு இரண்டு வெளி முகவரியில் போகும், வங்கித் தளம் பாதியில் வெளியேற்றிவிடும்.

பதுளைப்பொட்டலம் | #9

டொலர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். தாமதத்துக்கு மட்டும் மறுப்பு: இரண்டு சிம்மும் நெருங்கிய தாமதத்தில் இருந்தால் பிளப்பது நன்றாகவே வேலை செய்யும். அளந்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

வலைப்பின்னி | #10

அளக்கட்டும். அதற்கு முன் ஒரு சிம் விழுந்தால் மற்றதுக்கு மாறும் ஏற்பாட்டைச் சரியாகக் கட்டட்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் சிம் “விழுவது” விசித்திரமானது. மோடம் இணைந்தே இருக்கும், ஐபி இருக்கும், டேட்டா மட்டும் நகராது. கேபிள் அறுந்ததா என்று மட்டும் பார்க்கும் ரவுட்டர் இதைக் கண்டுபிடிக்காது.

முறை இது (ரவுட்டர்ஓஎஸ்ஸுக்கு):

1. இரண்டு வெளிப்புறப் பெட்டியும் புதிதாக வாங்கியபடியே ஒரே முகவரி வரிசையில் இருக்கும், மோதும். ஒன்றை 192.168.21.1, மற்றதை 192.168.22.1 என மாற்றுங்கள்.

2. முதன்மை ரவுட்டரில், இணையத்தில் சோதித்துப் பார்க்க ஏற்ற பொது முகவரிகளான 1.1.1.1க்கு வழி 192.168.21.1 என்றும், 8.8.8.8க்கு வழி 192.168.22.1 என்றும் தனித்தனியாகப் பூட்டுங்கள். பொதுவழி இரண்டும் அந்த இரண்டு முகவரிகளையும் வாசலாகக் கொண்டு, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும்) சோதனையோடு இருக்கட்டும். 10 செக்கனுக்கு ஒருமுறை சோதிக்கும், இரண்டு தடவை பதில் வராவிட்டால் அந்த வழியை விலக்கும்.

3. அந்த இரண்டு முகவரிகளையும் வீடுகளுக்கு டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) ஆகக் கொடுக்காதீர்கள். சிம் ஒன்று விழுந்தால் 1.1.1.1உம் சேர்ந்து விழும், “நெட் இருக்கு, பக்கம் திறக்கவில்லை” என்ற நிலை வரும். டிஎன்எஸ்ஸுக்கு 9.9.9.9 போன்ற மூன்றாவது ஒன்று.

4. வழி மாறினாலும் ஏற்கெனவே திறந்த இணைப்புகள் பழைய சிம்மிலேயே தொங்கும், முக்கியமாக யுடிபி (வீடியோ கோல் போன்றவை போகும் முறை). வழி விலகும்போது அந்த இணைப்புப் பதிவுகளை அழிக்கும் சிறு ஸ்கிரிப்டை நெட்வாட்ச்சில் (வழியைக் கண்காணிக்கும் கருவி) வையுங்கள். அதிகம் விட்டுப்போகும் படி இதுதான்.

5. ஃபாஸ்ட்டிராக் (பொட்டலங்களைக் குறுக்குவழியில் விடும்) விதியை நீக்குங்கள். அது இருந்தால் பிசிசி அடையாளமும் வேகப் பங்கீடும் தாண்டிப் போய்விடும்.

வேகப் பங்கீட்டுக்கு கேக் என்ற வரிசைமுறை. ஒவ்வொரு சிம்முக்கும் இரவு 8 மணி வேகத்தின் 80 வீதத்தை உச்சமாக வையுங்கள், பகல் வேகத்தை அல்ல. கேக்கில் நாட் (உள்முகவரிகளை அடையாளம் காணும்) தெரிவைப் போட்டு, உள்முகவரிக்குச் சமபங்கு என்று வைத்தால், ஒரு வீட்டில் நாலு படம் இறங்கினாலும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஸூம் வகுப்பு நிற்காது. 4ஜி வேகம் நிலையில்லாதது என்பதால் ஓப்பன்டபிள்யூஆர்டியில் கேக்-ஆட்டோரேட் (உச்சத்தைத் தானே மாற்றும் ஸ்கிரிப்ட்) இன்னும் நல்லது.

லிந்துலை_வயர் | #11

கரண்ட் கணக்கு. மேட்டில் வெளிப்புறப் பெட்டி இரண்டும் சேர்ந்து 12 வொட், 5 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ 6, ரவுட்டர் 5. மொத்தம் 23 வொட். ஒரு நாளைக்கு 552 வொட்மணி. 12 வோல்ட் 50 ஆம்பியர்மணி ஈய பெட்டரி இரண்டைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் ஆக்குங்கள். அதில் பாதி 600 வொட்மணி, சரியாக ஒரு நாள். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பெட்டரி ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

24 வோல்ட்டை நேராகவே கருவிக்குக் கொடுக்கலாம், இன்வெர்ட்டர் வேண்டாம். ஆனால் சார்ஜ் ஆகும்போது அது 27.6 அல்லது அதற்கு மேலே போகும். கருவியின் பின்பக்க அட்டையைப் படியுங்கள்: 12 முதல் 57 வோல்ட் என்றிருந்தால் பயமில்லை, 10 முதல் 28 என்றிருந்தால் சார்ஜரின் உச்சத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

கேபிள் வெளிப்புறக் கறுப்புக் கேட்5ஈ, முழுச் செம்பு. மலிவுப் பெட்டியில் வருவது அலுமினியத்தில் செம்பு பூசியது. வோல்ட் இழப்பு அவ்வளவு மோசமில்லை: 60 மீற்றரில் 8 வொட்டுக்குச் செம்பு 1.7 வோல்ட் இழக்கும், இது 2.7. பிரச்சினை காற்றில் ஆடி ஆடிக் கம்பி உள்ளேயே முறிவதுதான். ஈரம் ஏறினால் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்துப்போகும்.

இடி: ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர். கம்பத்துக்குத் தனி மண்கம்பி, அதைக் கோயில் மின்சாரத்தின் எர்த்தோடு இணைக்க வேண்டும். இரண்டு எர்த் பிரிந்து நின்றால் அவற்றுக்கிடையில்தான் மின்னல் ஓடும், உங்கள் ரவுட்டர் வழியாக. ஈதர்நெட் சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் கருவி) கேபிளின் இரு முனையிலும். இரண்டு லயத்துக்கும் இடையில் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். வயர்லஸ், இல்லையேல் ஃபைபர்.

பெட்டியின் அடியில் நீர்வடியத் துளை வேண்டும், ஆனால் வலை ஒட்டாத துளையில் குளவி கூடு கட்டும். மரத்துக்கு மரம் கேபிள் கட்டினால் குரங்கு ஊஞ்சலாடும், பிவிசி குழாயில் போடுங்கள்.

நானுஓயா_நகல் | #12

இவ்வளவு பாடு எதற்கு? 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கைக்கு வந்துவிட்டது. ஒரு டிஷ்ஷை வாசகசாலைக் கூரையில் வைத்தால் முடிந்தது.

லிந்துலை_வயர் | #13

சாதாரண டிஷ் 75 முதல் 100 வொட் தின்னும். மேலே சொன்ன பெட்டரியின் பாதி ஆறு முதல் எட்டு மணித்தியாலம்தான் தாங்கும். சிறிய ஸ்டார்லிங்க் மினி 25 முதல் 40 வொட்.

முகட்டுக்கம்பம் | #14

ஆற்றுப் பள்ளத்தில் வானம் ஒடுங்கியது. செயலியில் தடை சோதித்துவிட்டு வாங்க வேண்டும். மலையும் மரமும் மறைத்தால் சில நிமிடத்துக்கொருமுறை அறும். மேட்டில் வைத்தால் வானம் கிடைக்கும், அப்போதும் கீழே இறக்க இதே 5 கிகாஹேர்ட்ஸ் இணைப்பு வேண்டும். காசிருந்தால் மூன்றாவது வழியாகச் சேருங்கள், மறுக்கவில்லை.

2025 நவம்பர் டித்வா புயலில் மலைநாட்டில் டவர்களுக்குக் கரண்டும் போனது, ஃபைபரும் அறுந்தது. இரண்டு நிறுவன சிம் வைத்திருந்தால் இரண்டு வழி என்று நினைக்க வேண்டாம். இரண்டு நிறுவனமும் ஒரே கோபுரத்தில் அன்டெனா மாட்டியிருக்கலாம். திசை அன்டெனாவைத் திருப்பி இரண்டு சிம்மும் எந்தத் திசையில் உச்சம் காட்டுகின்றன என்று பாருங்கள். ஒரே திசை என்றால் ஒன்றை வேறு மலைக்குத் திருப்ப முயலுங்கள், வேகம் குறைந்தாலும்.

பணியக்கணக்கு | #15

சரிவில் 12 மீற்றர் இறங்கி எடுத்தேன்: முதல் சிம் -91, எஸ்ஐஎன்ஆர் 13. தாவல் நின்றுவிட்டது. இரண்டாவது அதே -97, 11. திசை 40 பாகைக்கு மேல் வேறுபடுகிறது.

இன்னொரு கேள்வி. கீழே ஃபோனுக்கு சிக்னலே இல்லாததால் வங்கி ஓடிபி வராது. வைஃபை வந்தாலும் அதற்காக மேட்டுக்கு ஏற வேண்டுமா?

வலைப்பின்னி | #16

சிம்முக்கும் ஃபோனுக்கும் வைஃபை அழைப்பு வசதி இருந்தால் ஏற வேண்டியதில்லை. ஃபோன் வைஃபை வழியாக நிறுவனத்தின் வாசலுக்கு ஒரு மறையாக்கக் குழாய் போடும். சாதாரண கோலும், பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸும் அதில் வரும். ஓடிபியும்தான். ரவுட்டரில் செய்ய வேண்டியது யுடிபி 500, 4500 இரண்டையும் அடைக்காமல் விடுவது. அந்த இரண்டும் ஒரே சிம்மில் போக வேண்டும், அதனால்தான் சோர்ஸ் அட்ரஸ் வைத்துப் பிரிக்கச் சொன்னேன். எந்த நிறுவன சிம் வழியாகப் போனாலும் பரவாயில்லை. ஆனால் வெளிநாட்டு விபிஎஸ் வழியாகப் போனால் சில நிறுவனம் வெளிநாடு என்று எண்ணி மறுக்கும். பதுளைப்பொட்டலம் அண்ணே, இதுவும் ஒரு காரணம்.

எல்லா ஃபோனிலும் இந்த வசதி திறக்காது. நிறுவனம் அங்கீகரித்த மாடல் பட்டியல் உண்டு. 1990, 119, 117 போன்ற அவசர எண்கள் வைஃபை அழைப்பில் போகுமா என்பதை நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

சிக்னல் பூஸ்டர் வாங்கி லயத்தில் மாட்டலாமா என்று யாராவது கேட்கும் முன்: அனுமதியில்லாத பூஸ்டர் டவரின் அப்லிங்கில் இரைச்சல் போடும், ஊருக்கே வேகம் விழும், சட்டப் பிரச்சினையும் வரும்.

ஊவாக்காற்று | #17

சட்டம் என்றவுடன்: வீடு வீடாகக் காசு வாங்கி இணையம் கொடுப்பது, நீங்கள் லாபம் எடுக்காவிட்டாலும், சேவை வழங்குவதாகவே பார்க்கப்படலாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அதற்கு உரிமம் வேண்டும். வாசகசாலையின் பெயரில் என்ன செய்யலாம் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் கேளுங்கள். சிம் பெக்கேஜின் பகிர்வு நிபந்தனையையும் நிறுவனத்திடம் கேளுங்கள். ஃபோன் பெக்கேஜை ரவுட்டரில் போட அனுமதிக்காதவை உண்டு. ரேடியோக்கள் ஆணைக்குழு அங்கீகரித்த மாடலாக இருக்கட்டும். கம்பம் நடத் தோட்ட நிர்வாகத்தின் கையெழுத்தும் கோயில் கமிட்டியின் கையெழுத்தும் வேண்டும். வாய்ச்சொல் போதாது, துரை (தோட்ட மனேஜர்) மாறினால் கம்பமும் மாறும்.

பணியக்கணக்கு | #18

நன்றி அண்ணே. கடைசியாக லயத்து வைஃபை. கல் சுவர், தகரக் கூரை. ஒரு லயம் 12 வீடு, நீளம் 45 மீற்றர் இருக்கும்.

முகட்டுக்கம்பம் | #19

அக்சஸ் பொயின்டைக் கூரைக்கு மேலே வைக்காதீர்கள், தகரம் மறைக்கும். லயத்தின் நடுவுக்கு நேர் எதிரே, வாசலிலிருந்து 6 முதல் 8 மீற்றர் தள்ளிக் கம்பம் நட்டு, கதவுகளைப் பார்த்தபடி 3 மீற்றர் உயரத்தில் மாட்டுங்கள். பலகைக் கதவும் ஜன்னலும் வழிவிடும், கல் சுவர் விடாது. லயத்துக்கு ஒன்று. 2.4 கிகாஹேர்ட்ஸில் 20 மெகாஹேர்ட்ஸ் அகலம், ஒரு லயத்துக்குச் சனல் 1, மற்றதற்கு 11. வலுவை முழுவதும் ஏற்றாதீர்கள். ஃபோன் திருப்பி அனுப்புவது 15 டிபிஎம் அளவில்தான், அதற்கு மேல் நீங்கள் கத்துவதில் பயனில்லை. 5 கிகாஹேர்ட்ஸையும் திறந்து விடுங்கள், வாசலில் உட்காருபவர்கள் அதில் போவார்கள். பாவனையாளர்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரிக்கும் தெரிவை மறக்காமல் போடுங்கள்.

வாசகசாலையிலிருந்து இரண்டாவது லயத்துக்குப் போகும் சிறு இணைப்பும் 5 கிகாஹேர்ட்ஸ் என்றால், மேட்டு இணைப்பின் சனலிலிருந்து 40 மெகாஹேர்ட்ஸாவது தள்ளி வையுங்கள். சனல் 52 முதல் 144 வரை ரேடார் கண்காணிப்பு உள்ளவை. அங்கே வைத்தால் ரேடியோ தொடங்கும்போது ஒரு நிமிடம், சில சனலில் பத்து நிமிடம், காத்திருந்துதான் பேசத் தொடங்கும். கரண்ட் போய் வந்தபின் நெட் வரத் தாமதமானால் பழுதென்று எண்ணி ஏணி எடுக்காதீர்கள்.